மேடைக்குப் பின்னாலிருந்து மைக் முன்னால்: அமெரிக்கானா ராக் பேண்ட் தொடங்கும் ரோடிகளுக்கான கேள்வி பதில்

பிறர் கச்சேரிக்குப் பெட்டி தூக்கி, கிட்டாருக்குச் சுருதி சேர்த்து, ஒலி பார்த்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிய ரோடிகள் ஒருநாள் சொந்தப் பாட்டோடு தனியாகப் பேண்ட் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் அமெரிக்கானா ராக் வட்டாரத்தில் இது புதிதல்ல. இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். பணம் டாலரில், சட்டமும் வரியும் அமெரிக்காவுடையவை.

அமெரிக்கானா ராக்னா என்ன? கன்ட்ரி பாட்டுக்கே புதுப் பேரா?

கன்ட்ரி அதில் ஒரு பங்குதான். நாட்டுப்புறப் பாட்டு, புளூஸ், காஸ்பல், புளூகிராஸ், பழைய சோல் எல்லாம் அதன் வேர்கள். அந்த வேரில் நின்று, ராக் பேண்டின் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வைத்துப் பாடினால் அமெரிக்கானா ராக். பெயரை ஊன்றியவர்கள் வானொலிக்காரர்கள்: 1995இல் கேவின் ரிப்போர்ட் என்ற இசைத்துறை இதழ் இந்தப் பெயரில் ஒலிபரப்புப் பட்டியல் போட ஆரம்பித்தது. 1999இல் அமெரிக்கானா மியூசிக் அசோசியேஷன் தொடங்கியது; நாஷ்வில் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் விழா நடத்துகிறது. கிராமியில் இதற்கென்று தனி ஆல்பம் பரிசு 2010 விழாவில் வந்தது. முதலில் வாங்கியவர் லெவன் ஹெல்ம்.

காதுக்கு ஒரு அடையாளம் சொல்வதானால், வரிகள். மூடிப்போன ஆலை, கடனில் வாங்கிய வண்டி, ஊரை விட்டுப் போனவள் என்று கதை சொல்லும் பாட்டுகள். வரி காதில் விழவில்லையென்றால் பாட்டில் பாதி போயிற்று. கீழே ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), மானிட்டர் (பாடுபவருக்கே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) பற்றிச் சொல்லும் இடங்களில் இதை மனதில் வையுங்கள்.

குழுவுல யார் யார் இருப்பாங்க? ரோடின்னு கூப்பிட்டா கோபப்படுவாங்களா?

பணம், நேரம், ஹோட்டல் பார்க்க டூர் மேனேஜர். கூட்டத்துக்கு நடுவே நின்று ஒலி கலக்க ஒரு எஞ்சினியர். மேடையோரம் நின்று கலைஞர்களுக்குக் கேட்கும் ஒலியைக் கலக்க இன்னொருவர். கிட்டார்களைப் பராமரிக்கும் கிட்டார் டெக், டிரம்ஸைப் பார்க்கும் டிரம் டெக், லைட் போடுபவர், டி-ஷர்ட் விற்பவர். கிளப் அளவில் இத்தனையும் இரண்டு பேர் தலையில் விழும். பெரிய அரங்குகளில் பெட்டி இறக்க வரும் உள்ளூர் ஆட்கள் பெரும்பாலும் ஐயாட்ஸி தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்கள்.

ரோடி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வெளியாள் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். வேலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே மரியாதை. இங்கே சுருக்கத்துக்காக ரோடி என்றே எழுதுகிறோம்.

ரோடியா இருந்தவர் பேண்ட் தலைவர் ஆனது நிஜமாவே நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. இந்த இசையிலேயே நல்ல உதாரணம் மிசூரி மாநிலத்தின் ஃபெஸ்டஸ் ஊர்க்காரர் பிரையன் ஹெனிமன். இல்லினாயின் பெல்வில் ஊரிலிருந்து வந்த அங்கிள் டுபெலோ பேண்டுக்குக் கிட்டார் டெக்காக இருந்தவர். 1992இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸில், ஆர்.இ.எம். பேண்டின் பீட்டர் பக் தயாரிப்பில் அவர்கள் பதிவு செய்த மூன்றாவது ஆல்பத்தில் வாசித்தும் இருக்கிறார். அதே ஆண்டு ‘பாட்டில் ராக்கெட்ஸ்’ (Bottle Rockets) என்ற பேண்டைத் தொடங்கினார். முதல் இரண்டு ஆல்பங்களும் ஈஸ்ட் சைட் டிஜிட்டல் என்ற சின்ன லேபிளில் வந்தன. இரண்டாவதை 1995இல் அட்லாண்டிக் எடுத்து மறுபடி வெளியிட்டது. பின்னாளில் சிகாகோவின் பிளட்ஷாட் என்ற சுயேச்சை லேபிளுக்கு வந்து, 2021இல் ஹெனிமன் ஓய்வு அறிவிக்கும்வரை பேண்ட் ஓடியது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று. டெக் வேலைக்கு முன்பே அவர் ஊரில் சிக்கன் டிரக் என்று ஒரு பேண்ட் வைத்திருந்தார். கிட்டார் தூக்கித் தூக்கிப் பாட்டு வந்துவிடவில்லை. பாட்டு முதலிலேயே கையில் இருந்தது. மற்ற இசைகளில் கேட்டால், மோட்டர்ஹெட் பேண்டின் லெம்மி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவில் பெட்டி தூக்கியவர்; ஓயாசிஸ் பேண்டின் நோயல் கல்லாகர் இன்ஸ்பைரல் கார்பெட்ஸ் பேண்டின் ரோடி.

குழுவுல இருந்த அனுபவம் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது?

கச்சேரியைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் உதவும். சொன்ன நேரத்துக்கு வண்டி போய்ச் சேரும். ஒரு வாரம் முன்பே அரங்கத்துக்குப் போன் போட்டு, எத்தனை மணிக்கு இறக்கலாம், வண்டி எங்கே நிற்கும், மாடிப்படி உண்டா, சாப்பாடு என்ன, பணம் யார் கையில் என்று கேட்டு முடித்திருப்பார். உள்ளூர் ஒலிக்காரரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். புதுப் பேண்டுகள் ஐந்து வருஷத்தில் கற்பதை இவர்கள் முதல் நாளே செய்கிறார்கள்.

உதவாத இடம் மைக் முன்னால். நல்ல ரோடி கண்ணில் படக் கூடாது: கறுப்புச் சட்டை, குனிந்த தலை, இருட்டில் நடை. அந்த ஒழுக்கம் உடம்பில் ஏறியிருக்கும். பாட வந்த பிறகும் வெளிச்சம் விழும் இடத்திலிருந்து அரையடி பின்னாலேயே நிற்பார்கள், பாட்டு முடிந்ததும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஆம்ப் குமிழைத் திருகுவார்கள். மருந்து இதுதான்: இருபது அடி தள்ளிப் போனை நிறுத்தி முழு செட்டையும் (அன்று வாசிக்கும் எல்லாப் பாட்டையும்) வீடியோ எடுங்கள். மறுநாள் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை தடவை பின்னால் திரும்பினீர்கள், இரண்டு பாட்டுக்கு நடுவே எத்தனை நொடி பேச்சில்லாமல் போனது என்று எண்ணி எழுதுங்கள். பதினைந்து நொடி மௌனம் மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. கீழே நிற்பவர் அதற்குள் பார் பக்கம் போய்விடுவார்.

இன்னொரு குறை கிட்டார் டெக்குகளுக்கே உரியது. தினமும் சவுண்ட்செக்கில், அதாவது கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனையில், ஒரே முப்பது நொடி ரிஃப்பை (கிட்டார் துணுக்கை) வாசித்துப் பழகிய கை அது. அந்த முப்பது நொடி அசலைவிட அழகாகவே இருக்கும். நான்கு நிமிடப் பாட்டை, பாடிக்கொண்டே, வேகம் மாறாமல் கொண்டுபோவது வேறு தசை. மெட்ரோனோமோடு முழுப் பாட்டையும் நின்றபடி பாடி வாசித்துப் பழகுவது தவிர வேறு வழி கிடையாது.

எத்தனை பேர் வேணும்? ஆம்ப் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார். ஐந்தாவது ஆள் கீபோர்டு அல்லது பெடல் ஸ்டீல் (காலால் பெடல் மிதித்துச் சுருதி மாற்றும், கால்கள் வைத்த படுக்கைக் கிட்டார்). ஹாமண்ட் பி-3 ஆர்கன் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் எடை சுமார் 400 பவுண்டு, லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டி தனி. அதே ஒலி தரும் டிஜிட்டல் கீபோர்டை ஒருவரே ஒரு கையில் தூக்கிவிடலாம். பெடல் ஸ்டீல் வாசிப்பவர் கிடைப்பதே வரம். கிடைத்தால் ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுங்கள். வாத்தியத்தின் கால்களைத் திருகி மாட்டி, பெடல் கம்பிகளைக் கொக்கியில் மாட்டி, பத்துத் தந்தியும் சரிபார்க்க அவருக்கு இருபது நிமிடமாவது வேண்டும் என்று கணக்கில் வையுங்கள்.

ஆம்ப் சின்னதே நல்லது. 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 150 பேர் நிற்கும் கிளப்புக்குத் தாராளம். அரங்கச் சுற்றுப்பயணத்தில் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளோடு வாழ்ந்தவர்கள் அதையே இங்கும் கொண்டுவருகிறார்கள். மேடையிலிருந்தே அத்தனை சத்தம் வந்தால் குரலை ஒலிக்காரரால் அதற்கு மேல் ஏற்ற முடியாது, வரி மூழ்கிவிடும். ஆம்பை நாற்காலியில் தூக்கி வைத்து, வாசிப்பவர் காதை நோக்கிச் சாய்த்தால் பாதிச் சத்தத்திலேயே திருப்தி வரும்.

ஸ்டேஜ் பிளாட், இன்புட் லிஸ்ட்ல என்ன எழுதணும்?

ஒரே பக்கம். மேலே ஸ்டேஜ் பிளாட், அதாவது மேடையின் படம்: கூட்டத்தைப் பார்த்து யார் எங்கே நிற்கிறார்கள், மின்சாரம் எங்கே வேண்டும், மானிட்டர் எத்தனை. கீழே இன்புட் லிஸ்ட், அதாவது ஒலிக்காரரின் பலகையில் எந்த எண்ணில் எது என்ற வரிசை. ஐந்து பேருக்குப் பெரும்பாலும் இப்படி வரும்: 1 கிக், 2 ஸ்நேர், 3 ஹைஹேட், 4 ராக் டாம், 5 ஃப்ளோர் டாம், 6, 7 மேலே தொங்கும் மைக்குகள் (இதுவரை எல்லாம் டிரம்ஸ்), 8 பேஸ் டிஐ (வாத்தியத்தை நேராக ஒலிப் பலகையோடு இணைக்கும் பெட்டி), 9, 10 எலெக்ட்ரிக் கிட்டார்கள், 11 அக்கூஸ்டிக் கிட்டார் டிஐ, 12 பெடல் ஸ்டீல், 13, 14 கீபோர்டு (இரண்டில் எது உண்டோ அது), 15 முதல் 18 வரை குரல்கள்.

கோப்பில் தேதி போடுங்கள். பழைய பிளாட்டில் இருந்த ஆள் போய் ஆறு மாதமாகியும் அவருக்கு மைக் வைத்துக் காத்திருக்கும் உள்ளூர் ஒலிக்காரர்கள் ஏராளம். எண் 12 பெடல் ஸ்டீலா கீபோர்டா என்ற குழப்பம் சவுண்ட்செக்கில் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

டெக் வெச்சுக்க வசதியில்லை. என் கிட்டாரை நானே எப்படிச் சமாளிக்கிறது?

வேலையை மேடைக்கு முன்பே முடித்துவிடுவதுதான் தந்திரம். தந்தியை மதியமே மாற்றுங்கள். தடித்த தந்திகளுக்கு முளையில் இரண்டு மூன்று சுற்று போதும். கையால் இழுத்து இழுத்து விட்டு மூன்று முறை சுருதி சேர்த்தால் இரவில் இறங்காது. ஜனவரி மினியாபொலிஸ் குளிரிலிருந்து கிட்டார் உள்ளே வந்தால் பெட்டியைத் திறக்காமல் அரை மணி வையுங்கள். உடனே திறந்தால் ஈரம் படியும், பாலிஷ் நுண்ணியதாய் வெடிக்கவும் செய்யும். அக்கூஸ்டிக் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும்.

செட் பட்டியலைச் சுருதிப்படி கட்டுங்கள். விரல் வைக்காமலேயே ஜி கார்டு ஒலிக்கும் ஓப்பன் ஜி சுருதிக்கு ஆறாவது தந்தி ஈ (E) சுரத்திலிருந்து டி (D) சுரத்துக்கும், ஐந்தாவது ஏ (A) சுரத்திலிருந்து ஜி (G) சுரத்துக்கும், முதலாவது ஈயிலிருந்து டிக்கும் இறங்க வேண்டும். ஒரே கிட்டாரில் பாட்டுக்குப் பாட்டு இதைச் செய்தால் மேலே சொன்ன மௌன நொடிகள் குவியும். ஓப்பன் ஜி பாட்டுகள் மூன்றையும் ஒட்டி வைத்து, அதற்கு இரண்டாவது கிட்டார் ஒதுக்குங்கள். அந்த இரண்டாவது கிட்டார்தான் தந்தி அறுந்தால் கைகொடுப்பதும்.

ஆம்ப்ல ஓயாம ஹம்முனு இரையுது. பிளக்கோட மூணாவது பின்னை எடுத்துட்டா நிக்குதாமே?

நிற்கும். கூடவே உயிரும் நிற்கலாம். கிட்டார் தந்தியைத் தொட்டபடி வேறு மின்சுற்றின் மைக்கில் உதடு பட்டால், அந்த மூன்றாவது பின் இல்லாத ஆம்ப் உங்கள் வழியாகத்தான் நிலத்தைத் தேடும். ஒருபோதும் எடுக்காதீர்கள்.

காரணத்தை வரிசையாகத் தேடுங்கள். கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் தொடர்ந்தால் ஆம்ப் அல்லது மின்சாரம். நின்றால், மறுபடி மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். திரும்பத் திரும்ப இரைச்சல் கூடிக் குறைந்தால் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) அருகிலுள்ள நியான் பீர் விளக்கையோ டிம்மரையோ பிடிக்கிறது. பாரில் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரை டிஐ பெட்டியிலும் ஆம்பிலும் ஒருசேர மாட்டும்போது மட்டும் வந்தால் அது கிரவுண்ட் லூப், இரண்டு வழியாக நிலத்தோடு இணைவதால் வரும் இரைச்சல். டிஐ பெட்டியில் உள்ள லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் போய்விடும். அதற்காகத்தான் அந்தச் சுவிட்ச்.

மானிட்டரை ஏத்தினா கூவுது, ஏத்தலைன்னா என் குரல் எனக்கே கேக்கல. என்ன பண்ண?

மானிட்டரின் ஒலி மறுபடி மைக்குக்குள் போவதால்தான் கூவல். மைக்கின் காது எங்கே மூடியிருக்கிறது என்று பாருங்கள். ஷூர் எஸ்எம்58 என்ற மைக்குக்கு நேர் பின்பக்கம் கேட்காது. எனவே மானிட்டர் உங்களுக்கு நேர் முன்னால். பீட்டா 58ஏ மைக்குக்குப் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும், கேட்காத இடம் அதன் முன்பக்கத்திலிருந்து சுமார் 120 பாகையில்; அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பாடினால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

இந்த இசைக்கே உரிய ஒரு வில்லன் தொப்பி. அகல விளிம்புக் கௌபாய் தொப்பி மானிட்டரிலிருந்து மேலே வரும் ஒலியைத் திருப்பி மைக்குக்குள் அடிக்கிறது. தொப்பி இல்லாமல் சவுண்ட்செக் செய்துவிட்டு, கச்சேரியில் போட்டுக்கொண்டு வந்து கூவுகிறதே என்று ஒலிக்காரரைத் திட்டுவார்கள். சவுண்ட்செக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் கேட்கவில்லையென்றால் ஆம்பைக் குறைப்பதுதான் வழி.

வேன், டிரெய்லர்ல எதை எங்கே ஏத்தணும்?

15 பேர் வேன்களில் பின் அச்சுக்குப் பின்னால் எடை சேர்ந்தால் கவிழும் அபாயம் ஏறும். நிறைய ஆட்களை ஏற்றினாலும் அப்படியே. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு, சாமானை டிரெய்லருக்கு மாற்றுவதே வழக்கம். டிரெய்லரில் மொத்த எடையில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்: டிரம் இரும்புகள், ஆம்புகள் முன்னால், டி-ஷர்ட் பெட்டிகள் பின்னால். கொக்கியின் மேல் இறங்கும் எடை டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். அதற்குக் குறைந்தால் 60 மைல் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள்.

லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். சில டாலரில் ஒவ்வொரு அச்சின் எடையும் சீட்டாக வரும். முதல் பயணத்துக்கு முன் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வேனும் டிரெய்லரும் சேர்ந்த எடையோ தயாரிப்பாளர் குறித்த உச்ச எடையோ 10,001 பவுண்டைத் தொட்டு, மாநில எல்லை தாண்டிக் காசுக்கு வாசிக்கப் போனால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண் வாங்க வேண்டிவரும். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுங்கள். வேனின் ஜாக்கி டிரெய்லருக்குச் சேர்கிறதா என்று வீட்டு வாசலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

இரவில் டிரெய்லர் கதவு சுவரை முட்டும்படி நிறுத்துங்கள். கிட்டார்கள் ஹோட்டல் அறைக்கு வரட்டும். வீட்டு இன்சூரன்ஸ் தொழிலுக்குப் பயன்படும் வாத்தியங்களைப் பெரும்பாலும் ஏற்காது. வாத்தியங்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

கிளப்ல காசு எப்படிக் கணக்குப் போடுவாங்க?

பொதுவானது உத்தரவாதமா சதவீதமா, எது அதிகமோ அது. எடுத்துக்காட்டு: உத்தரவாதம் 500; அல்லது செலவு போக மிச்சத்தில் 80 சதவீதம். டிக்கெட் 15 டாலர், வந்தவர்கள் 150 பேர்: வசூல் 2,250. ஒலிக்காரர் 200, வாசலும் பாதுகாப்பும் 200, விளம்பரம் 100, முன்னால் வாசித்த பேண்டுக்கு 200 என்று செலவு 700. மிச்சம் 1,550, அதில் 80 சதவீதம் 1,240. அதுதான் உங்களுக்கு. அறுபது பேர் மட்டும் வந்திருந்தால் வசூல் 900, மிச்சம் 200, அதில் 160தான் வரும். அப்போது 500 உத்தரவாதம் கைக்கு வரும்.

இரவு கணக்கு முடிக்கும்போது முன்பதிவு எத்தனை, வாசலில் விற்றது எத்தனை, இலவசம் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். செலவுப் பட்டியல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கச்சேரி முடிந்த பிறகு புதிதாக முளைக்கும் செலவுக்குச் சீட்டு கேட்பதில் வெட்கம் வேண்டாம். டூர் மேனேஜராக இருந்தவர்கள் அடுத்தவர் பணத்துக்கு இதைக் கறாராகச் செய்வார்கள். தன் பணம் என்றதும் கூச்சம் வந்துவிடும். அந்த வேலையை பேஸ்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கூட வாசிக்கிறவங்களுக்குப் பங்கா, சம்பளமா?

இரண்டும் உண்டு. எந்தப் பக்கம் என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். சம்பளம் என்றால் நஷ்டம் தலைவருடையது: நான்கு பேருக்குத் தலா 150 என்றால் 600, மேலே சொன்ன 500 டாலர் இரவில் வண்டி ஓட்டுவதற்கு முன்பே 100 கையிலிருந்து போயிற்று. டிரெய்லர் இழுக்கும் வேன் கேலனுக்கு 12 மைல் கொடுத்தால் 300 மைலுக்கு 25 கேலன் பெட்ரோல், அதுவும் சேரும். பங்கு என்றால் பெட்ரோலும் வேன் நிதியும் எடுத்த பிறகு சமமாகப் பிரிப்பது, ஆனால் நல்ல இரவிலும் அப்படித்தான்.

சம்பளக்காரர்களிடம் முதல் பணம் கொடுக்கும் முன்பே டபிள்யூ-9 படிவம் (அவர்களுடைய பெயரும் வரி எண்ணும் தரும் தாள்) வாங்கிவிடுங்கள். ஜனவரியில் வரிக் கணக்குக்காகத் தேடினால் பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள்.

என் பாட்டுக்கு எங்கெங்கே பதிவு பண்ணணும்? ஒண்ணு போதாதா?

போதாது. ஒரு பதிவில் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதிய பாட்டு, பதிவான ஒலி. பாட்டு வானொலியிலும் மேடையிலும் ஒலிப்பதற்கு ஆஸ்காப் அல்லது பிஎம்ஐ என்ற உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகள், இரண்டில் ஒன்று. ஸ்ட்ரீமிங்கில் பாட்டுக்கு வரும் மெக்கானிக்கல் (பாட்டைப் பிரதியெடுப்பதற்கான) பணத்துக்கு எம்எல்சி என்ற அமைப்பு; 2018 சட்டத்தால் உருவாகி 2021இல் வேலை தொடங்கியது. பதிவான ஒலி இணைய வானொலியில் ஒலித்தால் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு: பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முன்னணிக் கலைஞருக்கு 45, கூட வாசித்தவர்களின் நிதிக்கு 5. சொந்தமாக வெளியிட்டால் முதல் இரண்டும் உங்களுக்கே, ஆனால் உரிமையாளர், கலைஞர் என்று இரண்டு வகையிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இங்கேதான் பலர் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கிளப்பில் சொந்தப் பாட்டு பாடினாலும் பணம் உண்டு. ஆஸ்காப்பிலும் பிஎம்ஐயிலும் கச்சேரிப் பட்டியலைப் பதிவேற்ற வழி வைத்திருக்கிறார்கள். பிறர் பாட்டைப் பதிவு செய்து விற்பதானால் சட்டம் நிர்ணயித்த விலை 2025இல் ஐந்து நிமிடத்துக்குட்பட்ட பாட்டு ஒன்றுக்குப் பிரதிக்கு 12.7 சென்ட், 300 வைனல் இசைத்தட்டுக்கு 38 டாலர் 10 சென்ட். இதற்குப் பயந்து நல்ல பாட்டை விட வேண்டாம்.

வைனல் எத்தனை அடிக்கலாம்? டி-ஷர்ட்?

முதல் தடவை 300 வைனல் போதும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குள் அடக்குங்கள். நீண்டால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். உரத்த பாட்டு ஒவ்வொரு பக்கத்திலும் முதலில், மெதுவானது கடைசியில்: தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கூர்மை குறையும், பாட்டில் வரும் ‘ச’ சத்தம் கரகரக்கும். சோதனைத் தட்டுகள் வந்ததும் இரண்டு வேறு டர்ன்டேபிளில் கேளுங்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் டிக்கென்றால் மூலத்தில் பழுது, திருப்பி அனுப்புங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டின் குறை. கோடையில் டெக்சஸில் பூட்டிய வேனில் வைனல் பெட்டியை விட்டால் மாலைக்குள் அப்பளம்.

டி-ஷர்ட் 100 என்றால் சிறியது 12, நடுத்தரம் 25, பெரியது 30, எக்ஸ்எல் 22, டபுள் எக்ஸ்எல் 11. எல்லாவற்றையும் சமமாக அடித்தால் பயணத்தின் மூன்றாம் நாளே பெரியது தீர்ந்து, சிறியது வருஷக்கணக்கில் கிடக்கும். விற்பனையில் அரங்கத்துக்குப் பங்கு உண்டா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். இணையத்தில் இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டலுக்கு 15 சதவீதமும் பொருள்களுக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது.

ரேடியோவுல போட வைக்கணும்னா?

வெளியீட்டுக்கு எட்டு வாரம் முன்பே அனுப்புங்கள். நாஷ்வில் பக்கம் டபிள்யூஎம்ஓடி, ஆஸ்டினில் கேயூடிஎக்ஸ், பிலடெல்பியாவில் டபிள்யூஎக்ஸ்பிஎன் போன்ற பொது வானொலிகள் இந்த இசைக்கு இடம் தருகின்றன. காலை 6 முதல் இரவு 10 வரை கெட்ட வார்த்தைக்குத் தடை இருப்பதால், அப்படி வரி இருந்தால் வெட்டிய பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். கோப்பின் உள்ளே பாட்டு, பேண்ட், எழுதியவர் பெயர் எல்லாம் பதிந்திருக்கட்டும். ‘டிராக் 01’ என்று வருவதை யாரும் திறப்பதில்லை.

முன்னாடி வேலை பார்த்த பேண்ட் பெரிசு. அவங்க டூர்ல ஓப்பனிங் கேக்கலாமா?

ஓப்பனிங் என்றால் பெரிய பேண்டுக்கு முன்னால் வாசிப்பது. சம்பளத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். பஸ்ஸில் பாட்டைப் போட்டுக் காட்டுவதும் வேண்டாம். அந்தத் தொழிலில் அது வாயால் சொல்லாத சட்டம். பயணம் முடிந்து, அவர்களுடைய ஏஜென்ட் வழியாக, உங்கள் வட்டாரத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும் கேட்டால் மரியாதையாக இருக்கும். ஓப்பனிங்குக்கு வரும் தொகை சின்னது, சவுண்ட்செக் கிடைக்காமலும் போகலாம். முப்பது நிமிடம் என்றால் இருபத்தெட்டில் முடியுங்கள். நேரம் மீறும் ஓப்பனிங் பேண்டைக் குழு எப்படிப் பேசும் என்று ரோடிக்குச் சொல்லவா வேண்டும்!

ஒரே இரவில் டெக்காகவும் ஓப்பனிங் பாடகராகவும் இருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று கெடும், அனேகமாகக் குரல்தான்.

குழு வேலையை விட்டுடணுமா?

உடனே வேண்டாம். பலரும் வருஷத்தைக் கூறு போடுகிறார்கள்: கோடைத் திருவிழாக் காலம் அடுத்தவர் பயணம், குளிர்காலம் ரெக்கார்டிங், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சொந்தப் பேண்ட். கிளப்புகளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தேதி கேட்க வேண்டும் என்பதால், அடுத்தவர் அட்டவணை வருவதற்கு முன்பே உங்கள் நாள்களைக் குறித்துச் சொல்லிவிடுங்கள். சுயதொழில் வருமானத்துக்கு வழக்கமான வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதம் சுயதொழில் வரி உண்டு. பேண்டின் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டால் மார்ச்சில் வரிக் கணக்குப் போடும்போது தலைவலி குறையும்.

உடம்பு முடியாமல் போனால் இசைத்துறையில் சில வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மியூசிகேர்ஸ் அறக்கட்டளை உதவுகிறது, ரோடிகளுக்கும் சேர்த்து. ஆஸ்டினில் குறைந்த வருமான இசைக்கலைஞர்களுக்கு மருத்துவ வழி செய்ய ஹாம் என்ற அமைப்பு 2005 முதல் இருக்கிறது.

காதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். பத்து வருஷம் டிரம் பக்கத்தில் நின்றவர்கள் பேண்ட் தொடங்கும் முன் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். உயர் ஸ்தாயி கேட்காதவர் தன் ஆம்பின் டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவார், கூட்டத்துக்குக் காது கிழியும்.

நான் எச்1பி விசாவுல இருக்கேன். வார இறுதியில இப்படி ஒரு பேண்ட்ல காசு வாங்கி வாசிக்கலாமா?

கூடாது. எச்1பியில் விண்ணப்பித்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ரொக்கமாக வாங்கினாலும், ‘பெட்ரோலுக்கு’ என்று சொன்னாலும் அது வேலைதான். ஊதியமே இல்லாமல் ஆர்வத்துக்கு வாசிப்பது வேறு. ஆனால் டிக்கெட் விற்கும் கச்சேரி என்றால் குடியேற்ற வக்கீலைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பாட்டு நடுவுல ஆம்ப் செத்துடுச்சு. பழக்கதோஷம், நானே குனிஞ்சு சரிபண்ண ஆரம்பிச்சுடறேன். என்ன செய்யணும்?

நான்காவது கேள்வியில் சொன்ன அதே வியாதி, இந்தத் தடவை நியாயமான காரணத்தோடு வருகிறது. ஆம்பை ஐந்து நிமிடத்தில் உங்களால் சரிசெய்ய முடியும்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் கூட்டம் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே ஒத்திகையிலேயே முறை வகுத்துவிடுங்கள். தலைவர் கையைத் தூக்கிச் சைகை காட்டியதும் டிரம்ஸும் பேஸும் நிறுத்தாமல் அதே தாளத்தில் சுற்றட்டும். தலைவர் மைக்கை விட்டு நகரக் கூடாது. வரியைப் பாடி முடிக்க வேண்டும்.

இரண்டாவது கிட்டார்காரர் போய்ப் பார்க்க வேண்டிய வரிசை: மின்விளக்கு எரிகிறதா, ஸ்டாண்ட்பை சுவிட்ச் தட்டுப்பட்டதா, கேபிளை நேராக ஆம்பில் மாட்டினால் ஒலி வருகிறதா. வந்தால் குற்றவாளி பெடல் பலகை (ஒலியை மாற்றும் பெடல்கள் வைத்தது), அதை விட்டுவிட்டு நேராக வாசித்துவிடலாம். விளக்கே எரியவில்லையென்றால் ஃபியூஸ். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் அதே அளவில் இரண்டு உதிரி ஃபியூஸை ஆம்பின் பின்னால் டேப்பால் ஒட்டி வைத்திருங்கள். புதிய ஃபியூஸும் உடனே போனால் ஆம்பின் உள்ளே ஒலியைப் பெருக்கும் பவர் டியூப் போயிருக்கலாம். அன்றைக்கு அந்த ஆம்பை மறந்துவிடுங்கள், மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் ஒரு சின்னப் பெடல் வழியாக டிஐ பெட்டியில் மாட்டி, ஒலிக்காரரிடம் எண் 9 இனி டிஐ என்று சொல்லுங்கள். அது தயாராகும்வரை எண் 11இல் ஏற்கெனவே மாட்டிக் கிடக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்து, தனியாகப் பாடக்கூடிய ஒரு பாட்டைத் தொடங்குங்கள். அந்தப் பாட்டின் பெயரைச் செட் பட்டியலின் அடியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.